வார்டுக்கு எத்தனை நர்ஸ் வேண்டும்? என் பச்சை நோட்டுக் கணக்கு

சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று டூட்டி போடுகிற நாற்காலி என்னுடையதாக இருந்தது. அதில் உட்கார்ந்த முதல் வாரமே டீன் அறையில் ஒரு கூட்டம். "உங்களுக்கு எத்தனை நர்ஸ் பற்றாக்குறை மேடம்?" என்று கேட்டார். "நிறைய சார்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மயக்க மருந்துத் துறைத் தலைவர் மட்டும் சிரிக்காமல், "நிறையன்னா எத்தனை பூஜ்யம்?" என்றார். அன்று சாயங்காலம் பிராட்வேயில் இறங்கி ஒரு பச்சை அட்டை நோட்டு வாங்கினேன். அதில் போட்டுப் பழகிய கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கண்காணிப்பாளராக வந்திருக்கும் சிஸ்டர்களுக்கும், வார்டு இன்சார்ஜ்களுக்கும், ஃபைல் எழுதிக்கொடுக்கும் அலுவலகத் தம்பிகளுக்கும் பயன்படலாம். பெரிய கணிதம் எதுவுமில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் போதும்.

முதலில் தலை எண்ணுங்கள்

அரசு ஏட்டில் வார்டுக்கு 40 கட்டில் என்று இருக்கும். அந்த 40-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் ஆரம்பத்திலேயே தோற்றுப்போவீர்கள். சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் 'படுக்கை இல்லை, போய் வா' என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரத்திலிருந்து ரெஃபர் செய்து 108-ல் வருகிறார்கள். நெல்லூர், சித்தூரிலிருந்து ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி நேராக வருகிறவர்களும் உண்டு. கட்டில் நிரம்பினால் தரையில் பாய், அதுவும் நிரம்பினால் வராந்தா.

நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் வார்டு சென்சஸ் ஏடு தினமும் எழுதத்தான் செய்கிறோம். ஆனால் காலையில் ஒரு தடவை எழுதுவதோடு சரி. எட்டு வாரத்துக்கு மட்டும் மூன்று வேளை எழுதச் சொல்லுங்கள்: காலை ஏழரை, மதியம் ஒன்றரை, இரவு பத்து. கட்டிலில் எத்தனை, தரையில் எத்தனை, ஆக்சிஜனில் எத்தனை, தானாக எழுந்து நடக்க முடியாதவர்கள் எத்தனை. நான்கு எண் போதும். ஐந்தாவது கேட்டால் சிஸ்டர்கள் மனதிலிருந்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் அந்த எண்களைக் கிழமைவாரியாகப் பிரியுங்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது ஒரு சீஃப் டாக்டரின் குழுவுக்கும், புது நோயாளிகளைச் சேர்க்கும் ஓர் அட்மிஷன் நாள் உண்டு. செவ்வாய் அட்மிஷன் என்றால் புதன் காலை அந்த வார்டில் 63 பேர் இருப்பார்கள். ஞாயிறு 44-ல் வந்து நிற்கும். சராசரி 54 என்று எழுதி வைத்துக்கொண்டு புதன்கிழமை மூன்று பேருக்கு வார ஓய்வு கொடுத்தால் அது உங்கள் தவறு, அரசாங்கத்தின் தவறு இல்லை. நானும் இரண்டு வருடம் அந்தத் தவறைச் செய்தேன். அட்மிஷனுக்கு மறுநாள் யாருக்கும் ஓய்வு கிடையாது என்று மாற்றியதற்கு ஒரு பைசா செலவில்லை. முதல் மாதம் முணுமுணுத்தவர்கள் மூன்றாவது மாதம் வாயே திறக்கவில்லை.

விதி என்ன சொல்கிறது

இந்திய நர்சிங் கவுன்சில் விகிதம் எல்லோரும் பாடத்தில் படித்ததுதான். கற்பிக்கும் மருத்துவமனையில் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், அதாவது ஒரு ஷிஃப்டுக்கு ஒன்பது பேருக்கு ஒருவர். அதற்கு மேல் விடுப்புக்காக 30 சதவீதம். என் உதாரண வார்டுக்குப் போட்டால், 40 கட்டிலுக்கு 14 பேர், விடுப்பும் சேர்த்து 18. ஆனால் படுத்திருப்பது 54 பேர். அதற்கு 18, விடுப்பும் சேர்த்து 24. கட்டிலை எண்ணுவதற்கும் ஆளை எண்ணுவதற்கும் நடுவில் ஒரே வார்டில் ஆறு நர்ஸ் காணாமல் போகிறார்கள். 20 வார்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

சரி, 24 கேட்டால் 24 கிடைக்குமா? கிடைக்காது. அந்த வார்டுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் 11, ஏட்டில் இருப்பவர்கள் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் விதிப்படி எத்தனை என்று ஓர் எண்ணும், இதற்குக் கீழே போனால் நோயாளிக்கு ஆபத்து என்று இன்னோர் எண்ணும் கையில் இருக்க வேண்டும். முதல் எண் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்டூலும் கைக்கடிகாரமும்

ஓர் ஐப்பசி மாத இரவு. வெளியே விடாத மழை. பதினொன்றரைக்கு மெடிக்கல் வார்டிலிருந்து போன்.

"மேடம், 61 ஆயிடுச்சு. மூணு பேர் வராந்தாவுல. ட்ரிப் ஸ்டாண்டு இல்ல, ஜன்னல் கம்பியில பேண்டேஜ் துணியால கட்டித் தொங்க விட்டிருக்கோம்."

"எத்தனை பேர்மா இருக்கீங்க?"

"நானும் ரேவதி அக்காவும்தான் மேடம்."

ரவுண்ட்ஸ் போனேன். முழங்கால் வலியோடு ரேவதி (உண்மைப் பெயர் இல்லை, இங்கே எழுத நான் வைத்தது) தரையில் மண்டியிட்டு ஒரு டெங்கு பையனுக்கு நரம்பு தேடிக்கொண்டிருந்தார். இரண்டு மணி ஆன்டிபயாடிக் ஊசி மூன்றே முக்காலுக்குத்தான் முடிந்தது. ஆனால் சார்ட்டில் எல்லாருக்கும் '2 மணி' என்றுதான் இருந்தது. நான் திட்டவில்லை. திட்ட எனக்கு வாயும் இல்லை. 61 பேருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு மணி ஊசி போட எட்டுக் கை வேண்டும்.

அடுத்த வாரம் காலை ஷிஃப்டில் ஒரு ஸ்டூல் போட்டு அதே வார்டில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். இதற்கு உலக சுகாதார நிறுவனத்தில் 'விஸ்ன்' என்று ஒரு முறையே இருக்கிறது, 1998-ல் கையேடு போட்டு 2010-ல் திருத்தினார்கள் என்று பிற்பாடுதான் ஒரு பயிற்சியில் தெரிந்தது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம், வருடத்துக்கு அந்த வேலை எத்தனை தடவை, ஒருவருக்கு வருடத்தில் எவ்வளவு வேலை நேரம் கிடைக்கிறது, வகுத்தால் ஆள் எண்ணிக்கை. நான் கைநாட்டாகச் செய்ததும் அதுதான்.

மருந்தைக் கலந்து, பேர் கேட்டு, போட்டு, சார்ட்டில் எழுத ஓர் ஊசிக்கு 6 நிமிடம். 34 பேருக்கு 204 நிமிடம். பிபி, காய்ச்சல், நாடி பார்க்க ஆளுக்கு 2 நிமிடம், 54 பேருக்கு 108. ரத்த மாதிரி 22 பேருக்கு 110. டிஸ்சார்ஜ் ஒன்பது, ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம், அது 108. மாத்திரை கொடுக்க 81. யூனிட் சீஃப் ரவுண்ட்ஸ் 75. இண்டென்ட் (மருந்து, சாமான் கேட்டு எழுதும் சீட்டு), ஸ்டாக், ரிஜிஸ்டர் 60. கூட்டினால் 746 நிமிடம். இரண்டு நர்ஸ் ஆறு மணி நேரம் நிமிர்ந்தே பார்க்காமல் உழைத்தாலும் 720 நிமிடம்தான்.

இதில் நர்சிங் எங்கே இருக்கிறது? படுத்த படுக்கையாக 11 பேர். துடைத்துவிடுவது, திருப்பிப் படுக்க வைப்பது, டியூபில் உணவு கொடுப்பது, சளி உறிஞ்சி எடுப்பது என்று ஆளுக்கு 25 நிமிடம், 275. ஆக 1,021 நிமிடம். கை கழுவ, டீ குடிக்க, சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல ஆகும் நேரம் போக ஒரு நர்ஸிடமிருந்து ஆறு மணி நேரத்தில் 300 நிமிடம்தான் உருப்படியாகக் கிடைக்கும். வகுத்தால் 3.4, அதாவது நாலு பேர். காலைக்கு நாலு, இதே மாதிரி உட்கார்ந்து பார்த்ததில் மதியத்துக்கு மூன்று, இரவுக்கு இரண்டு. இதுதான் அந்த இரண்டாவது எண். என் வார்டின் நிமிடங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரசவ வார்டு வேறு, தீக்காய வார்டு வேறு. வென்டிலேட்டரில் இருக்கிறவருக்கு ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ் என்பதில் பேரம் பேசவே கூடாது. ஸ்டூலை நீங்களே போடுங்கள், அதுவும் ஓர் அட்மிஷன் மறுநாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.

ஒரு நர்ஸுக்கு வருடத்தில் எத்தனை நாள்

அலுவலகத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. 'எட்டுப் பேர் இருக்காங்களே, ஷிஃப்டுக்கு ரெண்டு ரெண்டு போட்டாலும் ரெண்டு மிச்சம்தானே?' என்று ஒரு பெரிய அதிகாரி என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் மேல் கோபமில்லை. அவருக்குச் சனி, ஞாயிறு ஆபீஸ் மூடிவிடும்.

ஆறு மணி நேரத்தை ஒரு டூட்டி என்று வையுங்கள். எங்கள் ஷிஃப்ட் காலை ஏழரை முதல் ஒன்றரை, ஒன்றரை முதல் ஏழரை, இரவு பன்னிரண்டு மணி நேரம். ஆகவே இரவு ஒருவர் வந்தால் அது இரண்டு டூட்டி. நாலு, மூன்று, இரவுக்கு இரண்டு பேர் என்றால் ஒரு நாளைக்கு 4+3+4, மொத்தம் 11. வருடத்துக்கு 4,015 டூட்டி.

இந்தப் பக்கம் ஒரு நர்ஸ். 365-ல் வார ஓய்வு 52 போக 313. தற்செயல் விடுப்பு 12 போக 301. ஈட்டிய விடுப்பு வருடத்துக்கு 30 நாள் சேரும். ஆனால் எடுப்பது அதைவிடக் குறைவு, என் லீவ் ரிஜிஸ்டரில் 20-ஐ ஒட்டி வந்தது, அப்போது 281. உடம்பு முடியாமல் 8 நாள், 273. பயிற்சி, காய்ச்சல் முகாம், விஐபி வருகை என்று வெளியே இழுப்பது 6 நாள். மிச்சம் 267. இந்த 20, 8, 6 என்பவை உங்கள் ரிஜிஸ்டரில் வேறு மாதிரி வரும், மூன்று வருட ஏட்டைப் புரட்டினால் கிடைத்துவிடும். 4,015-ஐ 267-ஆல் வகுத்தால் 15. கைவசம் எட்டு. அந்த வார்டில் தினமும் கிட்டத்தட்ட பாதி வேலை நடக்காமல் நிற்கிறது, அல்லது யாரோ ஓய்வு நாளில் வந்து செய்கிறார்கள், அல்லது சார்ட்டில் '2 மணி' என்று எழுதப்படுகிறது.

மகப்பேறு விடுப்பை இந்த 267-க்குள் திணிக்காதீர்கள், தனிக் கணக்காக வையுங்கள். தமிழ்நாட்டில் 2016-ல் ஒன்பது மாதமாக உயர்த்தினார்கள், 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். நல்ல விஷயம், நான் பிள்ளை பெற்ற காலத்தில் பால் கட்டிய வலியோடு நைட் பார்த்திருக்கிறேன். ஆனால் நர்சிங் கவுன்சிலின் 30 சதவீதம் வகுத்த காலத்தில் ஒரு வருட விடுப்பு கிடையாது. விடுப்பு ஒரு வருடம் என்றாகிவிட்டதால் கணக்கு சுலபம். வருடத்தில் எத்தனை பேர் போகிறார்களோ, அத்தனை பணியிடம் வருடம் முழுக்கக் காலி. 320 பேரில் 21 பேர் போனால் உங்களிடம் இருப்பது 299. கருவுற்றிருப்பதை வந்து சொல்லும் பெண்ணிடம் முகம் சுளிக்காதீர்கள். சுளித்தால் அடுத்தவள் ஏழாம் மாதம்தான் சொல்வாள், உங்கள் கணக்கும் கெடும்.

வருகிறவர்கள், போகிறவர்கள்

இதுவரை பார்த்தது தேவை. இனி வரத்து. நோட்டில் மூன்று வருடத்துக்கு மாதவாரியாகக் கட்டம் போடுங்கள்.

ஓய்வு பெறுவோர் பட்டியலைப் பணிப்பதிவேட்டிலிருந்து ஒரே நாளில் எடுத்துவிடலாம். பிறந்த மாதத்தின் கடைசி நாள் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவர் மட்டும் அதற்கு முந்தைய மாதக் கடைசியில். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் வைத்தது பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஜூனில் சேர்க்க வயது சரியாக வர வேண்டுமே! அதனால் மே 31 அன்று ஒரே நாளில் நாலு பேருக்கு மாலை போட்டு, ஜூன் 1 காலை டூட்டி போட ஆளில்லாமல் திண்டாடியிருக்கிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள். ஓய்வு வயது 2020 மே மாதம் 59, 2021 பிப்ரவரியில் 60 என்று உயர்ந்ததில் 2020 மே முதல் இரண்டு வருடம் வயது முதிர்வில் யாரும் போகவில்லை. 2022 மே மாதம்தான் மறுபடி ஆரம்பித்தது. அந்த இரண்டு வருட ஏட்டைப் பார்த்து 'நம்ம ஆஸ்பத்திரியில வருஷத்துக்கு ஓய்வு பெறுவது கம்மி' என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள்.

பதவி உயர்வு பெற்று வார்டை விட்டுப் போகிறவர்கள், விருப்ப ஓய்வு, ராஜினாமா எல்லாம் சிறு எண்கள், சராசரி போதும். இட மாறுதல் கலந்தாய்வுதான் பெரிய ஓட்டை. தென் மாவட்டத்திலிருந்து வந்த பெண்களுக்குச் சென்னை வாடகை கட்டுப்படியாகாது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா ஊரில் இருப்பார். கலந்தாய்வு அறிவித்ததும் கிளம்பிவிடுவார்கள். யார் விண்ணப்பிப்பார்கள் என்று கேன்டீனில் ஒரு டீ குடித்தால் தெரிந்துவிடும். ஏட்டில் அதற்கு இடமில்லை, பென்சிலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறவர்களும் அப்படித்தான். ஜெர்மன் வகுப்புக்காகத் தொடர்ந்து காலை ஷிஃப்டே கேட்கிற பெண் அடுத்த வருடம் உங்களோடு இருக்கமாட்டாள்.

மாற்றுப்பணியில் போனவர்களைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பேர் உங்கள் ஏட்டில், சம்பளம் உங்கள் பில்லில், ஆள் வேறெங்கோ. மேலிடத்துப் புள்ளிவிவரத்தில் இந்தப் பணியிடம் 'நிரப்பப்பட்டது'. எழுதிக் கேட்கும் வரை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

வரவுக்கு முக்கிய வழி மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். 2012-ல் தொடங்கிய அந்த வாரியம் மூலம் தொகுப்பூதியத்தில் (மாதம் இவ்வளவு என்று மொத்தமாகத் தரும் சம்பளம்) வருகிறவர்கள் நிரந்தரக் காலியிடம் வந்தால்தான் காலமுறை ஊதியத்துக்கு (நிரந்தரப் பணிக்கான சம்பளம்) மாறுவார்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் காலிப் பணியிடப் பட்டியல் சுத்தமாக இல்லாவிட்டால் அந்தப் பெண்களின் வரிசையும் நகராது. பயிற்சி மாணவிகளை ஆள் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அவர்கள் படிக்க வந்தவர்கள்.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வார்டு. தீபாவளிக்குத் தீக்காயம். பொங்கலுக்கு ஊருக்குப் போக ஆளாளுக்கு விடுப்பு. இவையெல்லாம் வருடா வருடம் அதே தேதியை ஒட்டி வருகிறவை, அப்புறமும் வருடா வருடம் நமக்கு அதிர்ச்சி! ஈட்டிய விடுப்பை ஆனி, ஆடியிலேயே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். பொங்கல் பட்டியலைக் கார்த்திகையில் வார்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள், போன வருடம் போனவர் இந்த வருடம் கிடையாது என்று.

பத்துப் பேர் கொண்ட ரிசர்வ் குழு ஒன்று வைத்துக்கொண்டால் உயிர் பிழைப்பீர்கள். ஆனால் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து எடுத்து மெடிக்கல் வார்டில் போடுவது, பிறந்த குழந்தைகள் பிரிவில் புதியவரை நிறுத்துவது இரண்டும் வேண்டாம். ஒரே மாதிரி வேலை உள்ள வார்டுகளுக்குள் மட்டும் மாற்றுங்கள்.

கருத்துரு எழுதும்போது

ஆள் கேட்டு நீங்கள் எழுதும் கருத்துரு, அதாவது உங்கள் கடிதம், டீன் மேஜையிலிருந்து கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககம், கோட்டையிலுள்ள தலைமைச் செயலகம், நிதித்துறை என்று போகிறது. போகும் இடத்தில் யாருக்கும் வார்டின் வாசனை தெரியாது. 'கடும் பணிச்சுமை', 'நோயாளிகள் நலன் கருதி' என்று நான் எழுதிய மூன்று கருத்துருக்களும் கேள்வியோடு திரும்பின. நான்காவதில் முதல் பக்கத்தில் ஒரே ஓர் அட்டவணை: வார்டு, கட்டில், உள்ள நோயாளிகள், விதிப்படி, குறைந்தபட்சம், அனுமதி, வேலையில் உள்ளவர்கள். ஸ்டூல் கணக்கு இரண்டாம் பக்கம். சென்சஸ் நகல் பின்னிணைப்பு.

காலியிடத்தை நிரப்புவதையும் புதுப் பணியிடம் உருவாக்குவதையும் ஒரே கடிதத்தில் கேட்காதீர்கள். முதலாவதற்கு அனுமதி ஏற்கனவே உள்ளது, சீக்கிரம் நகரும். இரண்டாவதற்குச் செலவுக் கணக்கு வேண்டும், நிதித்துறை ஒப்புதல் வேண்டும். சேர்த்துக் கேட்டால் மெதுவானது வேகமானதையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். புதுக் கட்டடம் வருகிறது என்றால் அஸ்திவாரம் போடும்போதே எழுதுங்கள். 2023-ல் கிண்டியில் திறந்த அரசு மருத்துவமனை மாதிரி 1,000 படுக்கை என்று ஒன்று வரும்போது அந்த ஆயிரத்துக்கும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு கேட்டால் பழைய வார்டுகளில் இருந்துதான் பிய்த்துக் கொடுப்பார்கள்.

அந்த நான்காவது கருத்துருவில் 41 கேட்டேன். பதினாலு மாதம் கழித்து 17 பேர் வந்தார்கள். வந்த அன்றே வார்டுவாரியாகப் பிரித்துவிட எல்லாரும் நெருக்கினார்கள். நான் முதல் மாதம் பழைய சிஸ்டர்களோடு ஜோடியாகப் போட்டேன், ஆள் கணக்கில் அரை என்றே வைத்துக்கொண்டேன். முதல் நைட்டை மெடிக்கல் வார்டில் ரேவதியோடு பார்த்த பெண் காலையில் சென்சஸ் ஏட்டை நீட்டினாள். கட்டிலில் 40, தரையில் 16, ஆக்சிஜனில் 5, நடக்க முடியாதவர்கள் 12. இரண்டு மணி ஊசி எத்தனை மணிக்கு முடிந்தது என்று கேட்டேன். "மூணே கால் மேடம்" என்றாள். சார்ட்டிலும் மூன்றே கால் என்றுதான் இருந்தது.